ஒரு கவளமும் ஒரு விளக்கும்

திருவண்ணாமலைக்கு வடபால், வேலூர் சாலையை ஒட்டி அமைந்த ஊர் வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கே இருப்பதால், மனுவும் கையுமாக வருவோர் போவோரால் பகலெல்லாம் சாலை ஓயாது. பொழுது புலர்வதற்கு முன் மட்டும் ஊர் வேறு முகம் காட்டும். ஏரிப் பக்கம் நின்று தென்மேற்கே நோக்கினால், இருளிலிருந்து மெல்லப் பிரிந்து அண்ணாமலை தெரியும். பணி ஓய்வு பெற்றபின் இவ்வூரில் குடியேறியதற்கு அந்தக் காட்சியே காரணம். சில மாத காலம் அந்த மலையை ஏறிட்டுப் பார்க்கவே கூசி நின்றவன் நான். அதன் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்பர்கள் பலருக்கும் அது பழகிய கதையாக இருக்கக்கூடும்.

ஓய்வு பெற்ற ஆண்டின் சித்திரை முதல் நாளில், புதிய குறிப்பேடு ஒன்றில் ஐந்து தீர்மானங்கள் எழுதினேன். அதிகாலை நான்கரை மணிக்கு நீராடல், ஆயிரத்தெட்டு முறை திருவைந்தெழுத்து, நாள்தோறும் திருவாசகப் பாராயணம், வாரம் ஒருமுறை கிரிவலம், காப்பியை அறவே விடுதல். அலுவலகம் பறித்துக்கொண்ட காலத்தையெல்லாம் ஈசனுக்கு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்துவிடும் வேகம் அப்போது இருந்தது.

பத்து நாள் எல்லாம் முறையாக நடந்தன. பதினோராம் நாள் முழங்கால் வீங்கியது. சில வாரம் நடக்கக் கூடாது என்றார் மருத்துவர். கிரிவலம் நின்றது. கிரிவலம் நின்ற மறுநாள் பாராயணம் நின்றது. அதற்கடுத்த நாள் ஜபமும் நின்றது. முழங்கால் வலித்ததற்கு நாக்கு ஏன் ஓய்வெடுத்தது என்று இன்று கேட்டுப் பார்க்கிறேன். அன்று அந்தக் கேள்வி எழவில்லை. ஒன்று உடைந்ததும் மற்ற நான்கும் பொருளற்றவையாகத் தோன்றின. குறிப்பேடு மேசை அறைக்குள் போயிற்று. வாக்குக் கொடுத்துத் தவறியவன் கடன்காரனைக் கண்டால் ஒதுங்குவது போல, மாடிக்குச் செல்வதையும் தவிர்த்தேன்.

முதுமையில் இவ்வாறு முறிந்துபோகும் சங்கல்பம் வெறும் ஏமாற்றத்தோடு நிற்பதில்லை. ‘இனி நம்மால் என்ன ஆகும்?’ என்ற நினைப்பை அது விட்டுச் செல்கிறது. அந்த நினைப்பு ஊன்றிவிட்டால், செய்யக்கூடியவற்றையும் நாம் கைவிடத் தொடங்குகிறோம். எனக்கு அதிலிருந்து வழி காட்டியவர், இந்த மலையிலேயே வாழ்ந்து மறைந்த ஒரு மூதாட்டி.

மலையேறிய அன்னம்

போளூர் வட்டாரத்தைச் சேர்ந்த மண்டகொளத்தூரில் வாழ்ந்தவர் லட்சுமி அம்மாள். சில ஆண்டுகளுக்குள் கணவர், ஒரே மகன், ஒரே மகள் என்று எல்லோரையும் இழந்தார். வீட்டின் ஒவ்வொரு மூலையும் இழந்தவர்களை நினைவூட்டிற்று. ஊரை விட்டுச் சென்று சாதுக்களுக்குத் தொண்டு செய்து பார்த்தார், துயரம் தணியவில்லை. அருணாசலத்தில் மௌனமாக வீற்றிருக்கும் இளந்துறவி ஒருவரைப் பற்றிக் கேள்வியுற்று, விரூபாட்சி குகைக்கு ஏறிச் சென்றார். அங்கிருந்தவர் பகவான் ரமணர். உரையாடல் ஏதும் நிகழவில்லை. நெடுநேரம் அவர் முன் நின்ற அம்மையாருக்கு, அதுவரை இறக்கிவைக்க முடியாதிருந்த பாரம் இறங்கிற்று. பின்னாளில் எச்சம்மாள் என்று அடியார்கள் அழைத்தது இவரைத்தான்.

அவர் திருவண்ணாமலையிலேயே தங்கிவிட்டார்.  நாள்தோறும் உணவு சமைத்து, அதைப் பகவானிடம் கொண்டு சேர்ப்பதை நியமமாக ஏற்றார். 1907 அளவில் தொடங்கிய அந்தத் தொண்டு, 1945-இல் அவர் மறையும் வரை, ஏறத்தாழ 38 ஆண்டுகள் நீடித்தது.

அந்த 38 ஆண்டுகளும் ஒரே சீரான காலம் என்று எண்ணிவிட வேண்டா. பகவான் 1916-இல் விரூபாட்சி குகையிலிருந்து மேலே கந்தாசிரமத்துக்குச் சென்றார். ஏற வேண்டிய உயரம் கூடிற்று. 1922-இன் இறுதியில் மலையடிவாரத்துக்கு இறங்கி வந்தார், பாதை மாறிற்று. நாளடைவில் ரமணாசிரமம் வளர்ந்து, பெரிய சமையற்கூடமே அமைந்தது. எச்சம்மாளின் பாத்திரம் வந்துதான் அங்கே பசியாற வேண்டும் என்ற நிலை இல்லை. ஆயினும் அந்தப் பாத்திரம் வந்துகொண்டிருந்தது.

இடையில் மற்றோர் இடியும் விழுந்தது. பகவானின் அனுமதியோடு செல்லம்மாள் என்ற பெண்ணை வளர்ப்பு மகளாக ஏற்று, மணமும் முடித்து வைத்திருந்தார். செல்லம்மாளுக்குப் பிறந்த ஆண் குழந்தைக்கு ரமணன் என்றே பெயர் வைத்தார்கள். அந்தச் செல்லம்மாளும் இளமையிலேயே இறந்துபோனார். ஏற்கனவே மூன்று பேரை இழந்த ஒரு தாய்க்கு நான்காவது இழப்பு அது. ‘இத்தனை செய்தும் என்ன பயன்?’ என்று அடுப்பை அணைத்துவிட அவருக்குக் காரணம் இருந்தது. அவர் அணைக்கவில்லை.

பகவானுடன் வாழ்ந்த நாட்களைக் கடிதங்களாக எழுதி வைத்தவர் சூரி நாகம்மா. எச்சம்மாளின் இறுதிக் காலம் பற்றியும் அவர் குறித்திருக்கிறார். நினைவு மங்கிக் கிடந்த நிலையிலும், ‘பகவானுக்கு உணவு போயிற்றா?’ என்ற பேச்சு காதில் விழுந்தால் அம்மையாருக்கு விழிப்பு வருமாம். உடல் தன்னையே மறந்த நேரத்திலும் அந்தப் பழக்கம் மறக்கவில்லை.

என் ஐந்து தீர்மானங்களையும் அம்மையாரின் ஒன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். என்னுடையவை நலமாக இருக்கும் மனிதன் ஒருவனின் நல்ல நாளை எண்ணி எழுதப்பட்டவை. அவருடையது மிக மோசமான நாளிலும் செய்து முடிக்கக்கூடிய அளவில் இருந்தது. வேறுபாடு பக்தியின் அளவில் இருந்திருக்கலாம். அதை ஈசன் அறிவான். எனக்குக் கண்ணுக்குத் தெரிந்தது இந்த வேறுபாடுதான்.

சங்கல்பம் கற்றுத்தரும் முறை

கோயிலில் அர்ச்சனைக்கு முன்போ, இல்லத்தில் பூஜைக்கு முன்போ சங்கல்பம் செய்து வைக்கிறார்கள். பலரும் அதைப் பெயரும் நட்சத்திரமும் சொல்லும் சடங்காகவே கருதிவிடுகிறோம். அதன் அமைப்பைச் சற்று கவனித்துப் பாருங்கள். பாரத தேசத்தில், மேருவுக்குத் தெற்கே என்று இடம் குறிக்கப்படுகிறது. அறுபது ஆண்டுகளில் இன்ன ஆண்டு, இன்ன அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் என்று காலம் குறிக்கப்படுகிறது. செய்பவர் இன்னார் என்பதும், எதன் பொருட்டு என்பதும் சொல்லப்படுகின்றன. இவையெல்லாம் தெளிவான பிறகே, ‘இதைச் செய்கிறேன்’ என்று சொல்லி நீரோ அட்சதையோ விடுகிறோம். ‘இனி நல்லவனாக இருப்பேன்’ என்ற பொதுப்பேச்சுக்கு அங்கே இடமே இல்லை.

ஜெர்மானிய உளவியல் அறிஞர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றின் சாரமும் இதற்கு அருகில் நிற்கிறது. இலக்கை மட்டும் மனத்தில் கொண்டவர்களைவிட, எப்போது, எங்கே, எவ்வாறு செய்வோம் என்பதையும் முன்கூட்டியே வகுத்துக்கொண்டவர்கள் அதை நிறைவேற்றுவது கூடுதல் என்று அவர் காட்டினார். சங்கல்பம் உரைக்கும் நம் முன்னோர் காலத்தையும் இடத்தையும் முதலில் வைத்ததற்குப் புண்ணியக் கணக்கு ஒரு காரணம். மனத்தை அறிந்த தெளிவும் அதில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே, ‘நாளும் ஜபம் செய்வேன்’ என்று எழுதுவதைவிட, ‘காலையில் பல் துலக்கித் திருநீறு அணிந்தவுடன், பூஜை அறை வாசலில் அமர்ந்து பதினொரு முறை சொல்வேன்’ என்று எழுதுவது உறுதியான சங்கல்பம்.

உணவுக்கு முன் ஒரு கல்

அறுபத்துமூவருள் சாக்கிய நாயனார் இதனை வேறு வகையில் கற்பிக்கிறார். திருச்சங்கமங்கையில் பிறந்து, காஞ்சிக்குச் சென்று, புத்த நெறியில் நின்றவர் அவர். பின்னர்ச் சிவனிடம் உள்ளம் ஒன்றியும் அந்தக் கோலத்தைக் களையவில்லை. நாள்தோறும் சிவலிங்கத்தைக் கண்டபின்பே உண்பது என்ற நியமம் அவருக்கு இருந்தது. அன்பின் மேலீட்டால் ஒருநாள் கல் ஒன்றை எடுத்து லிங்கத்தின்மேல் இட்டார். அதையே நாள்தோறும் அர்ச்சனையாகத் தொடர்ந்தார். ஒருநாள் மறந்து உண்ண அமர்ந்துவிட்டார். நினைவு வந்ததும் இலையை விட்டு எழுந்தோடி, கல்லை இட்டார் என்கிறது பெரியபுராணம்.

மறதி நாயனாருக்கும் வந்திருக்கிறது என்பதில் நமக்கு ஓர் ஆறுதல் உண்டு. அவரைக் காப்பாற்றியது எது என்பதையும் பார்க்க வேண்டும். நியமத்தை அவர் உணவோடு கட்டி வைத்திருந்தார். பசி எடுக்காத நாள் இல்லை. எனவே நினைவூட்டல் வராத நாளும் இல்லை. நம் வயதில் நினைவை நம்பி ஒரு காரியத்தை விடுவதைவிட, தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு அதை முடிந்து வைப்பது நல்லது. காலை மாத்திரை எடுப்பவர்கள், மாத்திரைப் பெட்டியைத் திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாத்திரையும் மறக்காது, திருநீறும் மறக்காது.

கயிறு பிடித்து நடந்தவர்

‘உடல் ஒத்துழைக்க வேண்டுமே’ என்று கேட்போருக்குத் திருவாரூர்த் தண்டியடிகள் விடை தருகிறார். அவர் பிறவியிலேயே கண்பார்வை இல்லாதவர். கோயில் திருக்குளத்தின் எல்லை குறுகிப்போயிருப்பதை அறிந்து, அதைத் தாமே தோண்டிப் பெரிதாக்க எண்ணினார். குளத்துக்குள் ஒரு தறி, கரையில் ஒரு தறி நட்டு, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே ஏறிக் கொட்டினார். ஏளனம் செய்தவர்கள் இருந்தனர். அவர் கூடையை நிறுத்தவில்லை. இறுதியில் ஆரூர்ப் பெருமான் அருளால் பார்வை பெற்றார் என்பது வரலாறு.

பார்வை கிடைத்த அற்புதத்தைப் போற்றும் நாம், அதற்கு முன் அவர் கட்டிய கயிற்றை மறந்துவிடுகிறோம். தமக்கு இயலாதது எது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். அந்தக் குறையைச் சுற்றிச் செல்லும் வழியையும் தாமே அமைத்துக்கொண்டார். தரையில் அமர முடியாதவர்க்கு நாற்காலி, எழுத்துத் தெரியாதவர்க்குப் பெரிய எழுத்துப் புத்தகம் அல்லது பேரன் ஓதக் கேட்கும் செவி, படியேற முடியாதவர்க்குக் கோபுர தரிசனம். இவை குறைந்த பக்தி என்று எண்ணிக் கூச வேண்டியதில்லை. இவை நாம் கட்டிக்கொள்ளும் கயிறுகள்.

தவறிய நாளுக்கும் இடம் உண்டு

என்னை வீழ்த்தியது முழங்கால் அன்று, தவறிய மறுநாள்தான். ஒரு நாள் விட்டால் எல்லாம் போயிற்று என்று எண்ணினேன். நம் சாத்திரம் அவ்வாறு எண்ணவில்லை. சந்தியாவந்தனத்தில், உரிய காலம் தவறியதற்கென்றே பிராயச்சித்த அர்க்கியம் ஒன்று இருக்கிறது. மனிதன் தவறுவான் என்று முன்னரே அறிந்து, தவறியவன் திரும்பி வருவதற்கான வாயிலை வழிபாட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடன் பணியாற்றியவர்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து நடத்திய ஆய்வு 2010-இல் அச்சாயிற்று. ‘காலை உணவுக்குப் பின்’ என்பது போன்ற ஒரு வேளையோடு சேர்த்து, ஒவ்வொருவரும் ஒரு சிறு பழக்கத்தைத் தேர்ந்துகொண்டனர். அந்தப் பழக்கம் இயல்பாகிப்போக 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டனர். நடு அளவு 66 நாள். இடையில் ஒருநாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அவர்கள் கண்ட முடிவு. எனவே ஒரு மண்டலமாகிய 48 நாள் கடந்தும் ஒரு நியமம் இயல்பாகப் படியவில்லையே என்று மனம் தளர வேண்டா. சிலருக்கு இரண்டு மண்டலம் ஆகலாம். சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம்.

வேங்கிக்காலில் எரிந்த விளக்கு

குறிப்பேட்டை மூடி வைத்திருந்த அந்த மாதங்களில், மகளின் பேறுகாலத்துக்காக என் மனைவி வெளியூர் செல்ல நேர்ந்தது. புறப்படும் வேளையில் எனக்கு ஒன்றே ஒன்று சொன்னாள். “மத்ததெல்லாம் உங்க இஷ்டம். சாயங்கால விளக்கை மட்டும் விட்டுடாதீங்க.”

திருமணமாகி வந்த நாள் முதல் அவள் ஏற்றிவரும் விளக்கு அது. அவள் குறிப்பேட்டில் எதையும் எழுதியதில்லை. சங்கல்பம் என்ற சொல்லையும் சொன்னதில்லை. அவளுக்காக ஏற்றத் தொடங்கினேன். தினமும் இரவு தொலைபேசியில், குழந்தையின் நலம் சொல்வதற்கு முன்பே, “விளக்கு ஏத்தியாச்சா?” என்று கேட்பாள். எச்சம்மாளின் கடைசி நாட்களைப் பற்றி ஏற்கனவே படித்திருந்தவன்தான் நான். அந்தக் கேள்வியை என் வீட்டிலேயே கேட்டபோதுதான் அதன் பொருள் எனக்கு விளங்கிற்று.

இரண்டு வாரம் சென்றிருக்கும். விளக்கின் முன் நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தில் திருவைந்தெழுத்து தானாக வாயில் வந்தது. எண்ணவில்லை. ஒரு மாதம் சென்றபின், விளக்கருகில் திருவாசகத்தைக் கொண்டு வைத்தேன்; ஒரு பாடல் மட்டும் என்று வரையறுத்துக்கொண்டேன். மனம் ‘இன்னும் நான்கு பாடு’ என்று சொல்லும் நாளில் பாடுவது உண்டு. மறுநாள் கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்தே தொடங்கும்.

முழங்கால் தேறியதும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். எண்திசைக்கும் எட்டு லிங்கங்கள். கீழ்த்திசை இந்திர லிங்கத்தில் தொடங்கும் வரிசை, வடகிழக்கே ஈசான்ய லிங்கத்தில் நிறைவு பெறுகிறது. எங்கள் ஊருக்கு அருகில் இருப்பது ஈசான்யம். முதல் நாள் ஆட்டோவில் அங்கே சென்று வணங்கி, இயன்ற தொலைவு நடந்து திரும்பினேன். அடுத்த நாள் இன்னொரு லிங்கம். எட்டு நாளில் எட்டையும் தரிசித்தேன். ஒரே மூச்சில் வலம் வருவதே மரபு. இது அதற்கு ஈடு என்று நான் சொல்லமாட்டேன். நான் கட்டிக்கொண்ட கயிறு இது, அவ்வளவுதான். பௌர்ணமி நெரிசலைத் தவிர்த்து வெயிலுக்கு முன் செல்வதும், கையில் தண்ணீர் வைத்திருப்பதும், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்வதும் எங்களைப் போன்றோர்க்கு நல்லது.

காப்பியை மட்டும் இன்னும் விடவில்லை. அதையும் மறைப்பதற்கில்லை.

அன்பர்கள் புதிதாக ஏதேனும் தொடங்க எண்ணினால், என் அனுபவத்திலிருந்து சொல்லக்கூடியது சிறிதளவே. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் கண்ட நாளிலும் செய்ய முடியுமா என்று கேட்டு, முடியாதெனில் அதைப் பாதியாகக் குறையுங்கள், மீண்டும் கேளுங்கள். தவறாமல் நிகழும் ஒரு வேளையோடு அதைக் கட்டுங்கள். இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். படுக்கையில் விழும் நாள் வந்தால், அதை உங்கள் பொருட்டு யார் செய்வார் என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள். ஒருநாள் விட்டுப்போனால் வருந்தி அமராமல், நினைவு வந்த அந்த நேரத்திலேயே எழுந்து, சாக்கிய நாயனாரைப் போல் ஓடிச் சென்று செய்துவிடுங்கள்.

மேசை அறையில் கிடந்த குறிப்பேட்டை அண்மையில் எடுத்துப் பார்த்தேன். ஐந்து தீர்மானங்களுக்கும் கீழே பல பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அவற்றில் இப்போது பால் கணக்கு எழுதுகிறோம்.

மனைவி ஊர் திரும்பிவிட்டாள். மாலையில் விளக்கு ஏற்றுவது யார் என்பதில் எங்களுக்குள் சிறு வழக்கு எழுந்து, தீர்ந்தும்விட்டது. எண்ணெய் விட்டுத் திரி போடுவது அவள், ஏற்றுவது நான். ஏற்றி முடித்து மாடிக்குச் சென்று நிற்கிறேன். எதிரே மலை தெரிகிறது. இப்போதெல்லாம் நிமிர்ந்தே பார்க்கிறேன்.